ஓட்டை எங்கே தொடங்கியது?

ஐ.எஸ்.எல். கால்பந்து நடக்கும் மாதங்களில் ஆம்பூர் ஷூ கம்பெனிகள் ஷிப்ட் விடும் நேரத்துக்கு டீக்கடையில் போய் நின்றால் இரண்டு பேச்சு கட்டாயம் காதில் விழும். "இன்னும் சான்ஸ் இருக்கு பாய், மிச்சம் மூணையும் ஜெயிச்சா ஆறாவது இடம் வந்துரும்" என்பது ஒன்று. "டிஃபென்ஸ் ஆடத் தெரியாம என்னத்த ஜெயிக்கிறது? கோச்சை மாத்தச் சொல்லு" என்பது அதற்கான பதில். இரண்டுமே சென்னையின் எஃப்.சி.யைப் பற்றித்தான். ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒரு அணிக்காகத் தோல் தொழிலாளிகள் இப்படி மல்லுக்கட்டுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த நம்பிக்கை எப்போது வந்தது, இந்தக் குறை எங்கிருந்து தொடங்கியது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

ஊருக்கும் அணிக்கும் என்ன தொடர்பு என்ற முடிச்சு முதலில் அவிழ்ந்தது. டேனரி ஒன்றில் நெடுங்காலம் கணக்கு எழுதிய பெரியவர் வாணியம்பாடியில் இருக்கிறார். "ஸ்டேடியம் எங்க இருக்கு தம்பி? பெரியமேட்டுலதானே?" என்று கேட்டார். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வியாபாரிகளுக்குச் சென்னை என்றால் முதலில் பெரியமேடுதான். தோல் மண்டி, கெமிக்கல் கடை, ஏஜெண்ட் ஆபீஸ் எல்லாம் அந்தத் தெருக்களில்தான். ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் அவற்றை ஒட்டியே நிற்கிறது. "பேமெண்ட் கைக்கு வர சாயங்காலம் ஆயிடும். ராத்திரி ரயிலுக்கு நேரம் கிடக்கும். கூட்டம் ஸ்டேடியத்துக்குப் போகும், நாங்களும் போவோம். முடிஞ்சதும் நடந்தே சென்ட்ரல்." 1993-ல் அங்கே நேரு கோப்பை நடந்தபோது இப்படித்தான் அவர் முதன்முதலில் உள்ளே போயிருக்கிறார். 2014-ல் சென்னையின் எஃப்.சி. உருவாகி அதே மைதானத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. தோல்காரர்களுக்கு அது ஏற்கெனவே பழகிய இடம்.

நம்பிக்கையின் பிறப்பைக் கண்டுபிடிப்பதும் கடினமாக இல்லை. யாரைக் கேட்டாலும் 2015 என்கிறார்கள். மெண்டோசா என்ற ஃபார்வர்டின் பெயரைச் சொல்லும்போதே முகம் மலர்கிறது. அந்த சீசனில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 90-வது நிமிடம் நெருங்கும்போது கோவா 2-1 முன்னிலை. அதன் பிறகு ஒரு சேம்சைடு கோல், அடுத்து மெண்டோசாவின் கோல், கோப்பை சென்னைக்கு. இதைக் கண்ணால் பார்த்தவனிடம் போய் "வாய்ப்பு முடிந்தது" என்று சொன்னால் அவன் எப்படி ஒப்புக்கொள்வான்?

அந்த அணிக்குக் கோச் மார்கோ மட்டராஸி. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியின் ஸ்டாப்பர் பேக், அதாவது டிஃபென்ஸையே பிழைப்பாகக் கொண்டவர். 2018-ல் இரண்டாவது கோப்பையை வாங்கித் தந்தவர் ஜான் கிரெகரி. அந்த இறுதியாட்டத்தில் பெங்களூருவுக்கு எதிராக அடித்த மூன்று கோல்களில் இரண்டு, மைல்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து தலையால் முட்டிப் போட்டவை. அவரும் ஸ்டாப்பர்தான். இரண்டு கோப்பையிலும் டிஃபென்ஸுக்கு இவ்வளவு பங்கு இருந்தும் ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லாருக்கும் மெண்டோசாதான் ஞாபகம்.

அடுத்த சீசனிலேயே, அதாவது 2018-19-ல், அதே கிரெகரியின் கீழ் 18 ஆட்டங்களில் 9 பாயிண்ட் எடுத்துக் கடைசி இடம். "டிஃபென்ஸ் சரியில்லை" என்ற பேச்சு அங்கே கிளம்பியிருக்கலாம். ஆனால் அதை ஊரில் ஊன்றியது 2020 அரையிறுதி என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்துக்காரரான ஓவன் காயில் நடுவில் வந்து, கீழே கிடந்த அணியைத் தூக்கி நிறுத்திய சீசன் அது. கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்தார்கள். ஒரு வாரம் கழித்து கோவாவில் 4-2 என்று அடி வாங்கினார்கள். மொத்தம் 6-5. இறுதிக்குப் போனார்கள், ஆளில்லாத மைதானத்தில் ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றார்கள்.

பிறகு கோச்சுகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சாபா லாஸ்லோ 2020-21-ல் டிஃபென்ஸை இறுக்கினார். 20 ஆட்டங்களில் 11 டிரா, வெற்றி வெறும் மூன்று. அடுத்து வந்த பாண்டோவிச் சீசன் முடிவதற்குள் போக, சபீர் பாஷா மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார். தாமஸ் பிர்டாரிச் முன்னேறி ஆடச் சொன்னார். அடித்த அளவுக்கு ஏறத்தாழ வாங்கவும் செய்தார்கள். மறுபடி காயில்.

பழைய பாயிண்ட்ஸ் டேபிள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு எண் என்னை நிறுத்தியது. 2022-23-ல் 27 பாயிண்ட், எட்டாவது இடம், வெளியே. 2023-24-ல் அதே 27 பாயிண்ட், ஆறாவது இடம், பிளே-ஆஃப் உள்ளே. முதல் நாக்-அவுட்டிலேயே கோவாவிடம் 2-1 தோல்வி. 2024-25-ல் மீண்டும் 27, பதினொன்றாவது இடம். இத்தனைக்கும் ஆட்டங்கள் 20, 22, 24 என்று ஏறிக்கொண்டே போயிருக்கின்றன. பிளே-ஆஃபில் ஆறு அணிகளுக்கு வாசல் திறந்த பிறகு டீக்கடைக் கணக்கு வலுத்ததில் வியப்பில்லை. ஆனால் 27 பாயிண்டில் உள்ளே போவதும் வெளியே நிற்பதும் மற்ற அணிகள் விட்ட வழியைப் பொறுத்தது. நம் அணி அந்த மூன்று சீசனிலும் நின்ற இடத்திலேயே நின்றது.

கோச் மாறியும் மாறாத குறைக்குக் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். அதை எனக்குக் காட்டியவர் ஒரு கட்டிங் மாஸ்டர். முழுத் தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பழுது உள்ள இடங்களைச் சில்வர் பேனாவால் சுழித்துவிட்டு மற்றதில் அப்பர் வெட்டுவது அவர் வேலை. வெட்டி விழுந்த ஒரு துண்டில் அதே பேனாவால் நாலு புள்ளி வைத்தார். இரண்டு ஓரப் புள்ளிகளிலிருந்து முன்னால் கோடு இழுத்தார். "ரெண்டு பக்க பேக்கும் மேல ஏறிடுறான். பந்து போயிடுச்சுன்னா இந்த எடம் காலி. ஸ்டாப்பர் அங்க ஓடுறதா, நடுவுல நிக்கிறதா? ஓடினா நடுவுல ஓட்டை, நின்னா ஓரத்துல ஓட்டை." பக்கத்தில் கிடந்த தோலில் தான் சுழித்திருந்த உண்ணித் தழும்பையும் முள் கீறலையும் தொட்டுக் காட்டினார். "இதெல்லாம் மாடு உயிரோட இருந்தப்ப வந்தது அண்ணா. டேனரிக்காரனைத் திட்டி என்ன ஆகப்போகுது?"

அந்தத் திசையில் தேடியதில் கிடைத்தது இது. 2014-ல் லீக் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18-ல் அது ஐந்தானது, 2021-22-ல் நான்கானது. மட்டராஸிக்குக் கிடைத்த வசதி பின்னால் வந்தவர்களுக்கு இல்லை. பின்வரிசையில் பெரும்பாலும் நம் பையன்கள்தான் நிற்க வேண்டும். இது நல்ல விதி, நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் பையன்களை யார் உருவாக்கினார்கள்? தமிழ்நாட்டிலிருந்து கிளம்பியவர்களில் சட்டென்று நினைவுக்கு வருவது ராமன் விஜயன், சபீர் பாஷா, தனபால் கணேஷ், நந்தகுமார், மைக்கேல் சூசைராஜ், சிவசக்தி. முன்வரிசை, விங், நடுக்களம். 2016-ல் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடி ஐ.எஸ்.எல். வளரும் வீரர் விருது வாங்கிய லெஃப்ட் பேக் ஜெர்ரி லால்ரின்சுவாலா மிசோரம்காரர்.

பாலாற்றங்கரை ஊர்களின் மைதானங்களில் மாலை நேரம் நின்று பார்த்தேன். நன்றாக ஆடுகிறவன் முன்னால் போகிறான். ஓடத் தெரியாதவனை "நீ பேக்குல நில்லு" என்கிறார்கள். பயிற்சி என்றால் வரிசையில் நின்று கோல் அடிப்பது. நான்கு பேர் ஒரு கோடாக ஏறி இறங்குவதை, ஒருவன் பந்துக்குப் போனால் அடுத்தவன் அவனுக்குப் பின்னால் மூடுவதை, கார்னரில் யார் ஆளைப் பிடிப்பது யார் இடத்தைப் பிடிப்பது என்பதை நான் பார்த்த எந்த மைதானத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு வயதில் விட்டதை இருபத்திரண்டு வயதில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வந்து ஒரு சீசனுக்குள் கற்றுத்தர முடியாது.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் பி.டி. மாஸ்டர்களே, ஊர் கிளப் அண்ணன்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கோல் அடிக்கும் பயிற்சியை நிறுத்துங்கள். உங்களிடம் இருப்பதிலேயே கெட்டிக்காரப் பையனைப் பின்னால் நிறுத்தி, அவனோடு இன்னும் மூன்று பேரைச் சேர்த்து, ஒரு மணி நேரம் டிஃபென்ஸ் மட்டும் ஆட வையுங்கள்.