சம்பந்தி வித்த வண்டி

கோயமுத்தூர்
கார்த்திகை முதல் வாரம்

என் ராசாத்திக்கு,

இதைப் போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா நீ ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் வெங்காயம் உரிப்பே. உன் மாமியார் காதுல விழுந்தா சாயங்காலத்துக்குள்ள பல்லடம் போய்ச் சேர்ந்துடும். பல்லடத்துக்குப் போகவே கூடாத சங்கதி இது. அதனாலதான் கடுதாசி. படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு.

நம்ம கணக்கு வாத்தியார் கார் வாங்கிட்டாரு. ஆமா, அவரேதான். திரிகோணமிதி வரலைன்னு நம்ம ரெண்டு பேரையும் வெராண்டாவுல நிக்க வெச்ச மனுஷன். ரிட்டயர் ஆகி, மக கல்யாணத்தையும் முடிச்சாச்சு. மகளைக் குடுத்தது பல்லடத்துல தறி ஓட்டற குடும்பத்துல. அந்தச் சம்பந்தி புதுசா பெரிய வண்டி எடுத்தாராம். பழைய ஸ்விஃப்ட் டீசலை, 2012 மாடல், "உங்களுக்குங்கறதால இந்த விலைங்க"ன்னு வாத்தியார் தலையில கட்டிட்டாரு. மீட்டர்ல 74,000 கிலோமீட்டர். பெண்ணைக் குடுத்த வீடு பேரம் பேசுமா? பேசலை.

வண்டி வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து காலையில முதல் ஸ்டார்ட்ல ஒரு சத்தம். வலது சக்கரத்துப் பக்கமிருந்து கரகரன்னு வரும், பத்து எண்ணறதுக்குள்ள அடங்கிரும். வாத்தியார் வீட்டம்மா ஏற்கனவே பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட, "டீசல் வண்டின்னா அப்படித்தான்"னு சமாதானம் சொல்லி வெச்சிருக்காங்க. பத்து எண்ணறதுக்குள்ள அடங்கற சத்தத்தை யாரும் மதிக்கறதில்லை பாரு. எங்க பட்டறைக்கு வர்ற பாதிப் பேரு இந்தக் கேஸ்தான். இன்னும் சில புண்ணியவானுங்க பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவாங்க.

வாத்தியார் அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு டைரி போட்டு, தேதி வாரியா, எத்தனை எண்ணிக்கையில சத்தம் நின்னுதுன்னு எழுதிட்டே வந்திருக்காரு. எண்ணிக்கை ஏறிட்டே போகுது. டைரியோட எங்க பட்டறைக்கு வந்துட்டாரு.

எங்க வீட்டுக்காரர் வண்டியை ராத்திரி பட்டறையிலயே விடச் சொன்னாரு. சூடான எஞ்சின் இந்த விஷயத்துல வாயே திறக்காது. விடிகாலையில பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணை டைமிங் கவர் மேல ஊன்றி, கைப்பிடியில காதை வெச்சுட்டு, பையனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. அவரு முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிஞ்சு போச்சு. ஸ்கேனர் மாட்டினா P0016. கிராங்க் ஒரு கணக்குச் சொல்லுது, கேம் வேற கணக்குச் சொல்லுதுன்னு அர்த்தம். வாத்தியார் அதையும் டைரியில எழுதிக்கிட்டாரு.

இப்பத்தான் வேடிக்கை ஆரம்பம். எங்ககிட்ட ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற பையன் இருக்கானே, அவன் இவர்கிட்ட ஒன்பதாவது படிச்சுக் கணக்குல கோட்டை விட்டவன். அவன் நின்னுட்டு இருக்கான், வாத்தியார் ஸ்டூல்ல உட்கார்ந்து அண்ணாந்து பாடம் கேக்கறாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, பில் புக்குல முகத்தை மறைச்சுக்கிட்டேன்.

பையன் சொன்னதை உனக்கும் சொல்லிடறேன், உனக்கும் ஒரு நாள் உதவும். கீழ பிஸ்டனை ஏத்தி இறக்கறது கிராங்க். மேல வால்வைத் திறந்து மூடறது கேம் ஷாஃப்ட். ரெண்டையும் சேர்த்துக் கட்டி வெச்சிருக்கறதுதான் டைமிங் செயின். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து, ஒரு பல்லு பிசகக் கூடாது. "அப்பக் கேம் சக்கரத்துல ரெட்டிப்புப் பல்லு இருக்கணுமே?"ன்னாரு வாத்தியார். "ஆமாங் சார், எண்ணிக்கங்"னு அலமாரியிலிருந்த புது செட்டைப் பிரிச்சு மடியில வெச்சுட்டான். உட்கார்ந்து எண்ணினாரு, நிஜமாவே எண்ணினாரு! அப்புறம் மனக்கணக்கா, எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுத்துல ஓடினா கேம் 2,000, அப்ப ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 33 தடவை திறந்து மூடணும்னு சொல்லிட்டு, வண்டியை ஒரு மாதிரியா பார்த்தாரு.

அந்தச் செயினை விறைப்பா பிடிச்சு வெக்கறது டென்ஷனர்ங்கற சின்ன உருப்படி. அதுக்கு பலமே எஞ்சின் ஆயிலோட அழுத்தம்தான். ராத்திரி பூரா நின்ன வண்டியில அந்த அழுத்தம் இறங்கியிருக்கும். காலையில பம்ப்பு ஆயிலை மேல ஏத்தறவரைக்கும் செயின் தொளதொளன்னு பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் கைடு மேல அடிக்கும். அதுதான் அந்தக் கரகர. நல்ல செயின்ல அது கண் சிமிட்டற நேரம். தேஞ்ச செயின்ல நேரம் நீண்டுட்டே போகும், வாத்தியார் டைரியில இருக்கற கணக்குப்படியே.

இந்த எஞ்சினைப் பத்தித் தப்பா நெனைச்சுடாதே. நாலு சிலிண்டர், 16 வால்வு, 1248 சிசி. ஃபியட்காரன் மல்டிஜெட்னு பேர் வெச்சு 2003ல கொண்டு வந்தது. மாருதி இதை DDiSனு சொல்லி 2007ல ஸ்விஃப்ட்ல வெச்சான், டாட்டா குவாட்ராஜெட்னு விஸ்டாவுல வெச்சான், புன்டோ, லீனியா, டிசையர், எர்டிகா, எல்லாத்துலயும் இதேதான். நம்ம நாட்டோட தேசிய எஞ்சின்னே இதுக்குப் பட்டப்பேரு. 2020 ஏப்ரல்ல BS6 வந்தப்ப மாருதி டீசலையே நிறுத்தினதுக்கப்புறம் பழைய வண்டிக்கு இன்னும் மவுசு. ஆனா மாருதி 800 ஓட்டிப் பழகின சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதுல டைமிங் பெல்ட், இத்தனை கிலோமீட்டருக்கு மாத்துன்னு கணக்கு உண்டு. இதுல செயின், இரும்பு, ஆயுசுக்கும் கவலையில்லைன்னு விக்கறவனும் சொல்றான், வாங்கறவனும் நம்பறான். இரும்பா இருந்து என்ன, குளிக்கறது ஆயில்ல. அந்த ஆயில் கெட்டா?

சரி, பிரிச்ச கதைக்கு வர்றேன். முன் வலது சக்கரத்தைக் கழட்டி, உள் லைனரைக் கழட்டி, எஞ்சினுக்கு அடியில ஜாக்கியை முட்டுக் குடுத்து, அந்தப் பக்கத்து மவுண்டிங்கை எடுத்து, பெல்ட்டு, கிராங்க் புல்லி, அப்புறம் ஆயிலை வடிச்சு, அடியில ஆயில் தேங்கற சம்ப்பையும் இறக்கணும். டைமிங் கவரோட அடி விளிம்பு சம்ப்பு மேல உட்கார்ந்திருக்கும், சம்ப்பை விட்டுட்டு கவரை மட்டும் எடுத்தா பின்னால ஒழுகியே தீரும். அதுக்கு முன்னாடியே கேம் ஷாஃப்ட் ரெண்டையும் பின் போட்டு, கிராங்கையும் லாக் பண்ணிடணும். அந்த லாக்கிங் டூல் இல்லாம, வெள்ளைப் பெயின்ட்டுல கோடு போட்டு வேலை பார்க்கறவங்க உண்டு. எங்க வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுத்தாலே கோவப்படுவாரு. செயினே தேஞ்சு டைமிங் தள்ளிப் போயிருக்கு, தள்ளிப் போன இடத்துலயே கோடு போட்டு, புதுசையும் அந்தத் தப்புலயே மாட்டறதுக்கு எதுக்குப் பிரிச்சேன்னு கேப்பாரு.

வடிச்ச ஆயிலைப் பார்த்து எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டோம். டீசல் ஆயில் கருப்பாத்தான் இருக்கும், அது குத்தமில்லை. இது சொட்டலை, வழிஞ்சுது. சம்ப்புல அடி பூரா கசடு. கசடுக்குள்ள பிளாஸ்டிக் துண்டுங்க. கவரைக் கழட்டினா கைடோட ஓரம் கருகிப் பழுப்பேறி இருக்கு, பையன் விரல்ல அழுத்தினதும் அப்பளமா நொறுங்குச்சு. அந்தத் துண்டுங்கதான் ஆயில் பம்ப்போட சல்லடையில போய் அடைச்சு நிக்கும். அதைச் சுத்தம் பண்ணாம புதுச் செயின் போட்டா, புதுச் செயினுக்கும் ஆயில் போகாது.

பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில மாட்டித் தொங்க விட்டாரு இவரு. பழசு கீழ இறங்கி நின்னுது. பக்கவாட்டுல பிடிச்சுத் தூக்கினா புதுசு விறைப்பா நிக்குது, பழசு தொய்ஞ்சு வளைஞ்சுது. வாத்தியாருக்கு ஆச்சரியம்: "இரும்பு எப்படிக் கண்ணு நீளும்?" நீளலைங் சார்னு இவரு சொன்னாரு. தகடு அப்படியேதான் இருக்கு. ஒவ்வொரு மூட்டுலயும் ஊசியும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சம் தேஞ்சிருக்கு. நூறு மூட்டுன்னு வெச்சுக்குங்க, மூட்டுக்கு 0.02 மில்லிமீட்டர்னா மொத்தம் 2 மில்லிமீட்டர். அவ்வளவுதான். டென்ஷனர் முடிஞ்ச மட்டும் நீட்டி இழுத்துப் பிடிக்கும், அதுக்கு மேல கை நீளாது. ஒரு நாள் செயின் ஒரு பல்லு தாண்டிரும். இந்த டீசல்ல 17க்கு மேல கம்ப்ரஷன், பிஸ்டன் உச்சிக்கு வர்றப்ப மேல இடமே இருக்காது, திறந்து நிக்கற வால்வுல போய் முட்டும். இந்த எஞ்சின்ல வால்வைத் தள்ளற ராக்கர் முதல்ல ஒடிஞ்சு பல நேரம் வால்வைக் காப்பாத்திரும். ஒடியலைன்னா ஹெட் இறக்கணும், செலவைச் சொன்னா மயக்கம் வரும்.

ஒரு உபரித் தகவல், நீ சரித்திரம் படிச்சவளாச்சே. இந்த ஊசி-புஷ்-ரோலர் அமைப்புல செயினை 1880ல மான்செஸ்டர்ல பண்ணினவர் ஹான்ஸ் ரெனால்ட், சுவிட்சர்லாந்துக்காரர். சைக்கிள் செயினும் அந்த வம்சம்தான். நம்ம ஊர் எல்.ஜி.பி. இருக்கே, 1937ல ஆரம்பிச்சது, ரோலான்னு செயின் விக்கறாங்களே, வண்டிகளுக்கு டைமிங் செயினும் பண்றாங்க. கோயமுத்தூர்க்காரி கணக்கா நான் பெருமைப்பட்டுக்கறேன், நீ சென்னையில உட்கார்ந்து பொறாமைப்படு.

இனிமேதான் வம்பு. செயினைப் பார்த்ததும் பக்கத்து டிங்கரிங் கடைக்காரரு, "74,000 ஓடின செயினா இது? மீட்டரைத் திருப்பியிருக்காங்க"ன்னு ஒரே போடா போட்டுட்டாரு. வாத்தியார் முகம் செத்துப் போச்சு. மகளைக் குடுத்த இடமாச்சே! அவரு போன்ல எதையோ தட்டறாரு, எனக்குக் கை காலெல்லாம் உதறுது. இவருதான் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு, "சார், மீட்டர் எதை எண்ணுது? சக்கரத்தை. செயின் எதை எண்ணுது? எஞ்சினை. ரெண்டும் ஒண்ணா?"ன்னு கேட்டாரு. சம்பந்தி வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவுல கூப்பிடற தூரம். எஞ்சின் சூடாகறதுக்குள்ள போய் இறங்கிருவாரு. அப்புறம் நூல் கடை வாசல்ல ஏசியைப் போட்டுட்டு உள்ள உட்கார்ந்தே வண்டியை ஓட விட்டு, போன் பேசுவாராம். இது வாத்தியாரே சொன்னது. சும்மா நின்னு ஓடினாலும் நிமிஷத்துக்கு 800 சுத்துன்னா ஒரு மணி நேரத்துக்கு 48,000 சுத்து. மீட்டர்ல அதுக்குப் பூஜ்யம். சூடேறாத எஞ்சின்ல டீசல் ஆயிலோட கலக்கும், புகைக்கரி சேரும். அந்த ஆயில்லயே செயின் அரைபட்டிருக்கும்.

வாத்தியார் பென்சிலை எடுத்து அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தாரு. பையன் வேற பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கரைக் காட்டினான். அது ரொம்பப் பழசு. அதுக்கப்புறம் ஆயிலே மாத்தலையா, ஸ்டிக்கர்தான் ஒட்டலையா, அதை நீ உன் இஷ்டம் போல நெனைச்சுக்கோ. என்னைக் கேட்டா, மீட்டரைத் திருப்பற அளவுக்கு அந்த மனுஷனுக்குச் சுறுசுறுப்பு கிடையாது. ஆயில் மாத்தவே சோம்பல் பட்டவரு!

மாட்டினதைச் சுருக்கமா சொல்றேன். செயின் மட்டும் மாத்தினா பிரயோஜனமில்லை. தேஞ்ச பல்லு புதுச் செயினையும் தேச்சுரும். சக்கரம் ரெண்டு, கைடு, டென்ஷனர், ஆயில் சீல், மொத்த செட்டும் புதுசு. டென்ஷனர் பிஸ்டனை அழுத்திப் பின் சொருகி மாட்டிட்டு, கடைசியா அந்தப் பின்னை உருவணும். லாக்கெல்லாம் எடுத்துட்டு, கையால ராட்செட் போட்டு எஞ்சினை ரெண்டு முழுச் சுத்து சுத்தி, லாக் பின்னை மறுபடி சொருகிப் பார்க்கணும். உள்ள இறங்கினா டைமிங் சரி. இறங்கலைன்னா திரும்பப் பிரி. அந்த ஒரு பின்னு உள்ள போற நேரத்துல பட்டறையில யாரும் பேச மாட்டாங்க, ரேடியோவைக்கூட நிறுத்திருவான் பையன். இறங்குச்சு. வாத்தியார் கை தட்டினாரு, நம்ம கிளாஸ்ல ஒரு நாளாவது தட்டியிருக்காரா?

கவருக்கு அனபாண்ட் பசை தடவி, அது காயற வரைக்கும் பொறுத்து, புது ஆயில், புது ஃபில்டர். உடனே ஸ்டார்ட் பண்ணலை. இன்ஜெக்டர் கனெக்டரைக் கழட்டிட்டு, எஞ்சின் பத்திக்காம சும்மா சுத்த விட்டு, ஆயில் டென்ஷனருக்கு ஏறினதுக்கப்புறம்தான் நிஜ ஸ்டார்ட். மறுநாள் விடிகாலையில வாத்தியாரே வந்து சாவியைத் திருப்பினாரு. கரகர இல்லை. டைரியில பூஜ்யம்னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டாரு.

சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஆனா தீபாவளிச் சீர் கொண்டு போனாரு பாரு, வேட்டி, சேலை, அதிரசம், முறுக்கு, அதோட கூட 5W-30 ஆயில் ஒரு கேன்! புது வண்டிக்காம். சம்பந்தியம்மா அதைச் சாமி ரூம்ல மத்த சீரோட வெச்சுக் குங்குமம் வெச்சுட்டாங்களாம். அவங்களுக்குப் புரிஞ்சுதா புரியலையான்னு இங்க ஒரே பட்டிமன்றம். வாத்தியார் மகதான் புரிஞ்சுதுன்னு சொல்றா, மாமனார் அன்னிக்குச் சாயங்காலமே பெரிய வண்டியை சர்வீஸுக்கு விட்டுட்டாராம்.

உன் அண்ணன் டிசையரும் அதே எஞ்சின்தானே? நாளைக்குக் காலையில அவரை வண்டிக்குள்ள உட்கார விடாதே. வேற யாரையாவது சாவி போடச் சொல்லி, அவரை வலது சக்கரத்துக்கிட்ட நிக்க வெச்சுக் கேக்கச் சொல்லு. சத்தம் இருந்தா பொங்கலுக்கு வர்றப்ப ஓட்டிட்டு வர வேண்டாம், ரயில்ல வாங்க. போன் பண்ணிச் சொல்லு, ஆனா ஸ்பீக்கர்ல போடாதே.

உன்னோட,
பில் புக்குக்காரி