பதினெட்டு நகம்

தடுப்பூசி அட்டையில் பெயர், வயது, நிறம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்த டாக்டர், ‘இனம்’ என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். நாய்க்குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். காதை மடித்துப் பார்த்தார். பிறகு ‘என்.டி.’ என்று இரண்டு எழுத்துப் போட்டு அட்டையை நீட்டினார். ‘நான் டிஸ்கிரிப்ட்’ என்பதன் சுருக்கம். இன்ன இனம் என்று சொல்ல அடையாளம் இல்லாதது. கால்நடை மருத்துவத்தில் புழக்கத்தில் உள்ள சொல்தான். ஊர் பேர் இல்லாத மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும்கூட அப்படித்தான் எழுதுவார்கள். ஆனாலும் பீளமேட்டு மருத்துவமனையிலிருந்து வடவள்ளி வீடு வந்து சேரும்வரை அந்த இரண்டெழுத்து மடியில் கனத்தது. என் துப்பட்டாவுக்குள் தலையை நுழைத்துத் தூங்கிக்கொண்டிருந்தவளிடம் அடையாளத்துக்கு என்ன குறைச்சல்? செவலை உடம்பு. கரி பூசின மூஞ்சி. நிமிர்ந்த வலது காது, மடிந்த இடது காது. முன்னங்கால் விரல்களில் மட்டும் பாலில் தோய்த்து எடுத்த வெள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தத்துக்கொடுக்கும் முகாமில் அட்டைப்பெட்டிக்குள் ஐந்து குட்டிகளோடு இருந்தாள். ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை, இரண்டு புள்ளி போட்டவை, இன்னொன்று சாம்பல். ஒரே தாய், ஒரே ஈத்து. நாய்க்கு ஒரே ஈத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன்கள் இருக்க முடியும் என்பதை அதன் பிறகுதான் படித்தேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்குச் சாத்தூர்ப் பக்கம். “காலைப் பாருங்கம்மா, வயிறு உள்வாங்கியிருக்கு பாருங்க. சிப்பிப்பாறை சேந்திருக்கு” என்றார். தேனியிலிருந்து வந்து பழவண்டி போட்டிருக்கும் அக்கா, கருமூஞ்சியைப் பார்த்ததுமே கோம்பை என்று முடிவுகட்டிவிட்டார். மூன்றாம் மாடியில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் முகாமில் வளர்த்த அல்சேஷனை நினைத்துக்கொண்டு, காது இரண்டும் நிமிரட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் விட்டுவிட்டு வந்த ஊரை அவள் முகத்தில் தேடினார்கள். நான் என்ன தேடினேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் பேர்பெற்ற நாய்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. நான்குமே தெற்கே. ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்தலைகூட வந்தது. எங்கள் கொங்கு நாட்டுக்கு மாட்டில் காங்கேயம் இருக்கிறது, ஆட்டில் மேச்சேரி இருக்கிறது. நாய்க்கு மட்டும் நாங்கள் பெயர் வைக்கவில்லை. பட்டி நாய். அவ்வளவுதான்.

மூலனூர்ப் பக்கம் என் தாத்தாவுக்கு, எங்கள் பேச்சில் அப்பாருக்கு, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை பெய்தால் ஒரு வாரத்தில் பச்சை. இல்லாவிட்டால் வருஷம் முழுக்கச் சாம்பல் நிறம். இரவில் மூங்கில் படல் நிறுத்தி ஆடுகளைப் பட்டியில் அடைப்பார்கள். அப்பாரு பட்டிக்கு வெளியே கயிற்றுக்கட்டிலில் படுப்பார். கட்டிலுக்கு அடியில் மணி. செவலை உடம்பு, வளைந்த வால், ஒரு காது கிழிந்தது. மணி எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்டதில்லை. அப்பாரு கேட்ட ஒரே கேள்வி நகம்தான். நாய்க்கு முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு, ஆக மொத்தம் பதினெட்டு. சில நாய்க்குப் பின்னங்காலில் ஒட்டு நகம் இருக்கும். அதையும் சேர்த்தால் இருபது. இருபது நகக்காரன் காவலுக்கு நல்லவன் என்பது அவர் நம்பிக்கை. மணிக்குப் பதினெட்டுதான். பதினான்கு வருஷம் பட்டி காத்தான்.

நிறத்தை மட்டும் அப்பாரு நம்பியதே இல்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதம் போல ஆனால் அந்தச் செம்மை உதிர்ந்து சாம்பல் நிற மயிலையாகிவிடும். காளைக்கு வயது ஏற ஏறத் திமிலிலும் முன்னுடம்பிலும் கருமை ஏறும். ஒருமுறை கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னைத் தோளில் தூக்கிப்போனவர், ஒரு கன்றைத் தடவிக்கொண்டே, “இப்பப் பாத்த நெறம் அடுத்த வருசம் இருக்காது அம்மிணி. கன்னு தான் யாருன்னு மெதுவாத்தான் சொல்லும்” என்றார். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், தாயைப் பார்ப்பார்.

குட்டியைத் தெருவில் கூட்டிப்போகும்போதெல்லாம் கேட்பார்கள்: “என்ன ஜாதிங்க?” நம் பேச்சில் அதுதான் சொல், விலை கொடுத்து வாங்குவது ஜாதி நாய், மற்றதெல்லாம் தெரு நாய். எங்கள் பக்கம் புதிதாக வந்த மனிதரிடம் யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். “எந்த ஊருங்க? யாரூட்டுப் பையனுங்க?” என்று இரண்டு கேள்வியில் சுற்றிவளைத்துத் தெரிந்துகொள்வார்கள். நாயிடம் அந்தச் சுற்று தேவைப்படுவதில்லை. “கலப்பா?” என்று அடுத்த கேள்வி வரும். அந்தச் சொல்லில் குரல் ஒரு படி இறங்கும்.

அந்த இறக்கத்தை நான் வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். ஊரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட என் சிநேகிதிக்குப் பெண் பிறந்தபோது, தொட்டிலைச் சுற்றி நின்று மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். குழந்தை கையை ஆட்டிக்கொண்டு கிடந்தது. சிநேகிதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். வருஷம் முப்பது ஆகிறது. நாயின் இனத்தை யூகிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். என்னால் முடியவில்லை.

அதனால்தானோ என்னவோ, இந்த இனம் என்பது என்ன என்று தேடித் தேடிப் படித்தேன். நாய்களின் வம்சாவளிப் பதிவுக்கென்று லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல்தான். போத்தனூருக்கு ரயில் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிற்பாடு. இன்று நாம் பெயர் சொல்லும் வெளிநாட்டு இனங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தை ஒட்டித்தான் வரையறுத்து உருவாக்கப்பட்டவை. நம் தெருவில் படுத்திருப்பவை அவற்றின் மிச்சமோ சிதைவோ அல்ல. அவற்றுக்கு வெகுகாலம் முன்பிருந்தே மனிதர் கூடவே தாமாகப் பெருகி வந்தவை. மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் அனுப்பினால், ஒப்பிடும் பட்டியலில் நம் ஊர் நாய் இல்லாதபோது, கிட்டத்தில் பொருந்துகிற ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரைத்தான் அது சொல்லும். இப்போது சில பட்டியல்களில் தெற்காசிய ஊர் நாய் என்றே ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

முகத்தை வைத்து யூகிப்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஸ்காட், புல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பசென்ஜியையும் காக்கர் ஸ்பானியலையும் இணைசேர்த்து வளர்த்து, 1965இல் புத்தகமாக எழுதினார்கள். முதல் தலைமுறைக் குட்டிகளைப் பார்த்தால் இரண்டு பக்கத்துச் சாயலும் தெரியவில்லை. அடுத்த தலைமுறையோ ஒன்றைப்போல ஒன்றில்லாமல் சிதறியது. 2009இல் இருபது கலப்பு நாய்களை எடுத்து, காப்பகத்தார் சொன்ன இனத்தையும் மரபணு சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், பெரும்பாலும் ஒத்துவரவில்லை. குணம்? 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவைப் படித்த ஆய்வு 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. நாய்க்கு நாய் நடத்தை வேறுபடுவதில் இனம் விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம்.

யூகம் விளையாட்டாக மட்டும் இருந்துவிட்டால் பரவாயில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் ஆபத்தானவை என்று பட்டியல் போட்டு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் எங்கள் குடியிருப்பில் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்: “இது எதோட கலப்புன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?” அப்போது அவளுக்கு ஐந்து மாதம். லிஃப்ட் சத்தத்துக்கே பயந்து என் காலுக்கு நடுவில் ஒளிகிறவள்.

நாயைக் கண்டு பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சித்தப்பா வீட்டில் ஒரே ராத்திரியில் ஏழு ஆடு செத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். நாய்கள் படலைத் தாண்டி உள்ளே விழுந்திருக்கின்றன. தின்னக்கூட இல்லை, கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. இரண்டு சினையாடு. வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் இந்த இழப்பு தொடர்ந்து நடக்கிறது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் நஷ்டஈடு கேட்டிருக்கிறார்கள். “டவுன்ல இருந்து கொண்டாந்து உட்டுட்டுப் போயர்றாங்க அம்மிணி” என்றார் சித்தப்பா. அப்பாருவின் கயிற்றுக்கட்டில் அங்கேயேதான் கிடந்தது. இரவில் பட்டியில் படுக்க இப்போது ஆளில்லை. சித்தப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

மணியைக் கொறங்காட்டு வாசலான கடவுக்குப் பக்கத்தில்தான் புதைத்தோம். மேலே அப்பாரு ஒரு சின்னக் கல்லை நட்டு வைத்தார், எழுத்தில்லாமல். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் நாயின் உருவம் செதுக்கிய நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் வைத்தது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்குக் கிட்ட. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் கல்லில் எழுதியிருக்கிறார்கள். அது எப்படிப்பட்ட நாய் என்று எழுதவில்லை. பெயரை எழுதியிருக்கிறார்கள்: கோவிவன்.

வெகுநாள் அவளை ஊருக்குக் கூட்டிப்போகவில்லை. சித்தப்பா கண்ணில் அவளைக் காட்டத் தைரியம் வரவில்லை. அதற்குள் மூஞ்சியிலிருந்த கரி உதிர்ந்துபோனது. இடது காது நிமிரவே இல்லை. வால் வளைந்துகொண்டது. ஒருநாள் வராந்தாவில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தவளைப் பார்த்து, ஒரு கணம் எனக்கு வயது எட்டாகிவிட்டது.

இந்தத் தை மாதம் கூட்டிப்போனேன். சித்தப்பா கடவை மூடிக்கொண்டு குறுக்கே நின்றார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் குந்தி உட்கார்ந்து அவள் பின்னங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரல் விரலாகத் தடவினார். அவள் கையை முகர்ந்துகொண்டு நின்றாள்.

“பதினெட்டுத்தான்” என்றார். “போட்டோவுல மூஞ்சி கருப்பா இருந்துச்சே?”

“உதுந்துபோச்சுங் சித்தப்பா.”

“பேரு?”

“செம்பி.”

“செம்பி” என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். மடிந்த காது அசைந்தது. எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, கடவை ஓராள் அகலத்துக்குத் திறந்தார்.

“கவுத்தைப் புடிச்சுக்கிட்டே வா. ஆடுக இன்னும் நாயைக் கண்டா ஒதுங்குது.”