அரிட்டாபட்டி மலைக்குக் காவல் யார்?

மதுரையை விட்டு மேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் வாசகர்களில் பலர் பயணம் செய்திருப்பீர்கள். ஒத்தக்கடையைக் கடக்கும்போது, படுத்த யானையைப் போல் நீண்டு கிடக்கும் யானைமலையை இடப்புறம் கண்டு வியந்திருப்பீர்கள். அதன் பின், திருச்சி போய்ச் சேரும் நினைவோடு கண்ணயர்ந்திருக்கவும் கூடும். அடுத்த முறை அவ்வழியே செல்ல நேர்ந்தால் சற்று விழித்திருங்கள். நெடுஞ்சாலையை விட்டு வடபுறம் கிளைச்சாலையில் திரும்பினால் நெல் வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் அப்பால், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல ஏழு பாறைக் குன்றுகள் தோன்றும். அதுவே அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோ மீட்டர் தொலைவுதான்.

பார்த்தவுடன் கண்ணைக் கவரும் பசுமை எதுவும் அங்கே இல்லை. குற்றாலத்தையும் கொடைக்கானலையும் மனத்தில் வைத்துக்கொண்டு செல்வோர் ஏமாந்து போவார்கள். காடு என்று ஊரார் சொல்வது முள்ளும் புதரும் இடையிடையே வெயிலுக்கு அஞ்சாத மரங்களும் கலந்த வறண்ட காடுதான். ஆயினும் அந்தக் காட்டையும் அதனை மடியில் ஏந்திய மொட்டைப் பாறைகளையும் வைத்துத்தான் சுற்றுவட்டாரத்துக் கழனிகள் பிழைக்கின்றன என்பதைச் சற்றுப் பொறுமையுடன் பார்ப்பவர் அறிந்துகொள்வர்.

மழை பெய்கிறது. பாறையின் மேல் விழுந்த நீரில் ஒரு பங்கு வெடிப்புகளின் வழியே உள்ளிறங்கி, மாதக்கணக்கில் தங்கி, அடிவாரத்தில் சுனையாகவும் ஊற்றாகவும் கசிகிறது. மறுபங்கு சரிவில் வழிந்து வருகிறது. அது மண்ணை வாரிக்கொண்டு ஓடாதபடி புதர்க்காடு அதன் வேகத்தைத் தணிக்கிறது. தணிந்த நீர் ஓடைகளில் இறங்கி, வரத்துக்கால் வழியே முதல் கண்மாயை அடைகிறது. அது நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகிறது. இவ்வாறு ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் 72 ஏரிகளும், 200 நீரூற்றுகளும், மூன்று தடுப்பணைகளும் இப்பகுதியில் இருப்பதாகத் தமிழக அரசின் குறிப்பு கூறுகிறது. அவற்றுள் ஆனைகொண்டான் கண்மாய் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாம். மழை குறைந்த இந்தச் சீமையில், மலை என்பது உயர்த்திக் கட்டிய தண்ணீர்த் தொட்டியன்றி வேறென்ன?

இப்போது தலையை உயர்த்திப் பாருங்கள். செங்குத்தான பாறை முகத்தில், மனிதர் கால் வைக்க இயலாத விளிம்புகளில் வல்லூறுகள் குடியிருக்கின்றன. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்கே காணப்படுகின்றன. அவற்றுள் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய மூன்றும் சிறப்பாகக் குறிப்பிடப்படுபவை. ஷாஹீன் என்ற பெயர் நம் வீடுகளுக்குப் புதிதன்று. பாரசீக மொழியில் வல்லூற்றைக் குறிக்கும் இந்தச் சொல்லை நம்மவர்கள் பிள்ளைகளுக்குப் பெயராகச் சூட்டி மகிழ்கிறார்கள். மகாகவி இக்பால், அடிமைப்படாத உள்ளத்திற்குத் தம் கவிதைகளில் உவமையாக எடுத்துக்கொண்டதும் ஷாஹீனைத்தான். அந்தப் பறவை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. வெறும் பாறை விளிம்பிலேயே முட்டையிடுகிறது. ஆகவே மரம் நட்டு அதற்கு வீடு செய்து தர நம்மால் ஆகாது. பாறை போனால் அதன் வீடும் போயிற்று. கீழே புதர்களிலோ தேவாங்கும், எறும்புதின்னியும், மலைப்பாம்பும் தத்தம் வாழ்வை நடத்துகின்றன.

மனிதர் அங்கே விட்டுச் சென்ற சுவடுகளும் உள. கழிஞ்சமலை என்னும் குன்றில் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம் இருக்கிறது. அதன் நெற்றியில் தமிழி எழுத்துக்கள் வெட்டப்பட்டுள்ளன. வயது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் என்பர். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவரும், இலஞ்சி ஊர் வேள் ஒருவரின் மகனும் இக்குகையை அமைத்துக் கொடுத்த செய்தியை அவை சொல்கின்றன. எங்கோ தென்கோடியில் வாழ்ந்தவர்கள், இங்கே துறவிகள் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க வேண்டுமென்று பொருள் செலவிட்டிருக்கிறார்கள்! அதே மலையின் இன்னொரு புறம் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை ஒன்றும் உள்ளது.

குகையின் அருகே, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழ் வட்டெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. என் கருத்தில் இந்த ஊரில் காண வேண்டியவற்றுள் தலையாயது அதுவே. மலையின் அக்காலப் பெயர் திருப்பிணையன் மலை. சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் துறவி. இவ்வளவும் சொல்லிவிட்டு, அதனைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது என்று முடிகிறது அக்கல்வெட்டு. பாதிரிக்குடி என்பது அன்றைய ஊர். மன்னன் காப்பான் என்றோ, அதிகாரி காப்பார் என்றோ எழுதவில்லை. மலையடியில் வாழும் மக்களின் கையில்தான் ஒப்படைத்திருக்கிறார்கள்.

அந்த ஒப்படைப்புக்கு வந்த சோதனைகளைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

மேலூர் வட்டாரத்துக் கருங்கல் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. கீழவளவு, கீழையூர், திருவாதவூர் என்று ஊர் ஊராகக் குவாரிகள் பெருகின. இயந்திர வாளால் அறுக்கப்பட்ட பாறைகள் பெரும் பெரும் கட்டிகளாகத் துறைமுகம் நோக்கிப் போயின. நன்றாக நினைத்துப் பாருங்கள்: நம் வீட்டு அடுப்பங்கரை மேடையிலும், கூடத்துத் தரையிலும், நாம் பெருமையுடன் கட்டிய பள்ளிவாசல்களின் தூண்களிலும் பளபளக்கும் கல் எங்கோ ஒரு குன்றாக நின்றதுதானே? வாங்கும்போது சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்கிறோம். எந்த ஊர்க் குன்று என்று கேட்பதில்லை. கீழவளவில் சர்க்கரை பீர் மலை என்றே ஒரு குன்று உண்டு. ஒரு பீரின் பெயரைச் சுமந்த அந்தக் குன்றும் வெட்டுக்குத் தப்பவில்லை.

குவாரியினால் வரும் தீங்கு, குன்று மறைவதோடு நின்றுவிடுவதில்லை. விலைபோகாத கழிவுக் கற்களை எங்கே கொட்டுவது? வரத்துக்கால்களிலும் கண்மாய்க் கரைகளிலும் மலைபோல் குவித்தார்கள். வழி அடைபட்ட நீர் கண்மாய்க்கு வராது நின்றது. பாறைத் தூசு பயிரின் இலைகளில் படிந்தது. தோண்டிய பள்ளங்களோ பனையாழம், தென்னையாழம் என்று போயின. 2012ஆம் ஆண்டு அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், கருங்கல் முறைகேடுகளால் அரசுக்கு நேர்ந்த இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிக்கை அளித்தார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அளித்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. பணத்தின் கணக்காவது எழுதப்பட்டது. வறண்ட ஊற்றுகளுக்கு யார் கணக்கு எழுதினார்கள்?

அரிட்டாபட்டிக் குன்றுகளின் மீதும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் குவாரிக்காரர்களின் கண் விழுந்தது. அண்டை ஊர்களின் கதியைக் கண்ணாரக் கண்டிருந்த மக்கள் விழித்துக்கொண்டார்கள். எதிர்த்து நின்று மலையை மீட்டார்கள். இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் குவாரிக் கூலியை நம்பி உலை வைத்த குடும்பங்களும் அவ்வட்டாரத்தில் ஏராளம். மழை பொய்த்த ஆண்டில் வயலில் வேலை இல்லாதபோது, வெயிலில் கல்லுடைத்தாவது பிள்ளைக்குச் சோறிடலாம் என்று நினைத்த தகப்பனை நாம் குறை சொல்லிவிட முடியாது. மலையைக் காப்போம் என்று முழங்குகிறவர்கள் அந்தத் தகப்பனுக்கும் ஒரு விடை வைத்திருக்க வேண்டும். நிரம்பிய கண்மாயும், அதனால் விளையும் வயலுமே அந்த விடை என்பது ஊராரின் எண்ணம். அது பெரிதும் சரியென்றே எனக்கும் படுகிறது.

2022ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று, அரிட்டாபட்டி ஊரிலும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலுமாகச் சேர்ந்து 193.215 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட முதல் தலம் இதுவே. இனிக் கவலை இல்லை என்று ஊரார் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த நிம்மதி இரண்டு ஆண்டுகள்கூட முழுமையாக நீடிக்கவில்லை. 2023இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அரிய கனிமங்கள் சிலவற்றுக்கான சுரங்க உரிமையை மத்திய அரசே ஏலம் விடலாம் என்றாயிற்று. டங்ஸ்டன் அவற்றுள் ஒன்று. பழைய குண்டு விளக்குகளில் ஒளிர்ந்த மெல்லிய இழை அந்த உலோகமே. எளிதில் உருகாதது, துளைக்கருவிகளுக்கும் படைக்கருவிகளுக்கும் தேவைப்படுவது. நாட்டுக்கு அது வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயரிட்டு வரைபடத்தில் கோடு கிழித்தபோது, அந்தக் கோட்டுக்குள் 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர் அகப்பட்டது. பல்லுயிர்த் தலமும் அதற்குள்ளேயே வந்தது. 2024 நவம்பர் 7 அன்று, இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வு பெற்றதாக அறிவிப்பு வெளியானது.

செய்தி பரவியதும் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, நரசிங்கம்பட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி என்று ஊர்கள் தோறும் மக்கள் மந்தையில் கூடினர். அம்மாதம் 23ஆம் நாள் நடந்த கிராம சபைக் கூட்டங்களில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. டிசம்பர் 24 அன்று மத்திய அரசு இறங்கிவந்து, பல்லுயிர்த் தலம் தொகுதியில் பத்தில் ஒரு பங்கே என்றும், அதை மட்டும் விலக்கி எல்லையைத் திருத்த ஆராயலாம் என்றும் தெரிவித்தது.

இங்கேதான் அவ்வூர் மக்களின் அறிவுக்கூர்மையைப் பாராட்ட வேண்டும். மலையை விட்டுவிட்டு மலையைச் சுற்றி அகழ்ந்தால் ஓடைகள் எங்கே போகும்? கண்மாய்கள் எப்படி நிரம்பும்? பாறை விளிம்பில் வாழும் வல்லூறு இரை தேடுவது கீழுள்ள புதரிலும் வயலிலும் அன்றோ? வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் தோண்டிவிட்டு, வீட்டைத் தொடவில்லை என்று சொல்வதை யார் ஏற்பார்? பாதிச் சலுகையை அவர்கள் ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் திரண்டு சென்றார்கள். பிள்ளையை இடுப்பில் சுமந்த தாய்மாரும் முதியவர்களும் அதில் இருந்தார்கள். மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. ஜனவரி 23 அன்று, ஏலத்தை முற்றாக ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

இதற்கிடையில் அழகர் மலையின் மறுபுறம், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியில் 4.97 ஹெக்டேர் பரப்புள்ள கோயில்காடு ஒன்று 2025இல் தமிழகத்தின் இரண்டாவது பல்லுயிர்த் தலமாக அறிவிக்கப்பட்டது. அளவில் சிறியதுதான். ஆயினும் ஊர்க் கட்டுப்பாட்டினாலேயே தலைமுறை தலைமுறையாக நின்ற காடு அது.

விடுமுறை நாளில் குடும்பத்தோடு அரிட்டாபட்டிக்குச் செல்ல எண்ணுகிறீர்களா? மார்கழி, தை மாதங்கள் உகந்தவை. கண்மாய்களில் நீர் இருக்கும், பாறையும் சுடாது. காலைப் பொழுதிலேயே போய்விடுங்கள். குடிநீரும் உணவும் கையோடு கொண்டு செல்லுங்கள். கொண்டு சென்ற பையையும் தாளையும் திரும்பக் கொண்டுவாருங்கள். வல்லூறுகள் குஞ்சு பொரிக்கும் காலமும் அதை ஒட்டியே வருவதால், பாறை முகத்தின் கீழே பிள்ளைகள் கூச்சலிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வெட்டின் மீது கை வைக்க வேண்டாம். வட்டெழுத்து நமக்குப் புரியாது. ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்றால், பாதிரிக்குடியார் என்ற சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவார்.