ஒறிஜினல் இல்லாத கார்

யாழ்ப்பாணத்துக்கு வரும் தென்னிலங்கை நண்பர்கள் கோட்டையையும் நல்லூரையும் பார்த்து முடித்ததும் பழைய கார்களைப் படம் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். இங்கிலாந்தில் கண்காட்சிக்கு வைக்கும் வயதுடைய வண்டிகள் இங்கே நெடுங்காலம் வாடகைக்கு ஓடின. இப்போதும் சில கல்யாண ஊர்வலங்களில் முன்னே போகின்றன. "உங்கட ஆட்களுக்குப் பழமையில் நல்ல பற்று" என்று ஒரு நண்பர் மெச்சினார். அது பற்று மட்டும்தானா என்று எனக்குள் ஒரு கேள்வி.

இந்தக் கார்கள் இங்கே தங்கியதற்குக் காரணங்கள் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கைக்குப் புதுக் கார் வருவது அருகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. ஆனால் வடக்கில் 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் தடைப்பட்டது. மற்றவர்கள் பழைய வண்டியைக் கழித்துவிட்டுப் புதியதுக்கு மாறிய காலத்தில், இங்குள்ளவர்கள் இருந்ததை வைத்து ஓட வேண்டியிருந்தது.

அந்த மண்ணெண்ணெய்க் காலத்தை நான் கண்ணால் காணவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. சோனகத் தெருவில் வீடும் கடையும் வைத்திருந்தவர்கள் அவற்றை விட்டார்கள். வாகனம் வைத்திருந்தவர்கள் அதையும் விட்டார்கள். மீதிப் பள்ளிக் காலம் புத்தளத்தில் கழிந்தது. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, பின்னர் குடாநாட்டுக் கிராமம் ஒன்றுக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்தபோதுதான், நாங்கள் இல்லாத ஆண்டுகளை இங்குள்ளவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று ஒரு கராச்சில் இருந்து கேட்டு அறிந்தேன்.

கராச்காரர் எழுபதைத் தாண்டியவர். "குளிர் இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஏறாது, மாஸ்ரர். முதல் கொஞ்சம் பெற்றோல் காட்டவேணும். சூடு பிடிச்சாப் பிறகுதான் குடிக்கும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பாடமே இருக்கிறது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாக அதிக சூடு வேண்டும். ஆகவே சில துளி பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் இதைப் பொறுத்துக்கொண்டன. புதிய இயந்திரங்கள் இடிக்கும். புகை மண்டும், இழுவை குறையும், எரியாத எண்ணெய் கீழே இறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். என்றாலும் வண்டி நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த வித்தையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "தோட்டத்திலதான். தண்ணி இறைக்கிற மிசினும் உப்பிடித்தானே" என்றார்.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் வெளிவந்த அந்தக் கார் பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்றது. பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் காரும் அதுவே. அதன் உதிரிப்பாகங்களை 1990களில் இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியவர்களும் உண்டு. ஒரே தீவில் ஒரு பக்கம் மைனருக்குப் புதுத் தகடு அடித்து ஏற்றுமதி செய்தார்கள். மறுபக்கம் தார்ப் பீப்பாயை வெட்டி அதன் கதவுக்கு ஒட்டுப் போட்டார்கள்.

இப்போது விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் ஓடித் தேய்ந்த சிறிய ஜப்பானியக் காருக்கும் வாங்கிய விலையை விட விற்ற விலை கூடியது. வாகனம் ஒரு சேமிப்பு என்ற எண்ணம் வீடுகளுக்குள் புகுந்தது. பழைய கார்களைத் தேடி வாங்குகிறவர்களும் ஊர் ஊராக வந்தார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையனுக்கு அவனது அப்பப்பா ஓட்டிய 1953ஆம் ஆண்டு ஏ40 சோமசெற் வந்து சேர்ந்தது. வயது பத்தொன்பது. அவனோடு படித்தவர்களுக்கு வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசில் மோட்டார் சைக்கிள். இவனுக்கு முதல் வாகனமே தாத்தா வயதுக் கார். வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவுத் தகடு ஒறிஜினல் இல்லை. இருக்கைக்குள் தும்பு அடைத்திருக்கிறது. பொனட்டுக்குள் பெற்றோலுக்கென்று ஒரு தகரக் குப்பி பொருத்தியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் விலையைக் குறைத்துக்கொண்டே போனார். அந்தத் தகடும் குப்பியும் கராச்காரரின் கைவேலை. அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வாங்க வந்தவரில் பிழையில்லை. பழைய கார்ச் சந்தையின் நியதி உலகெங்கும் அதுதான். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் விலை அதிகம். ஆனால் தொழிற்சாலை தந்தபடியே இருந்திருந்தால் இந்தக் கார் 1991ஐத் தாண்டியிராது. எந்த ஒட்டு அதை உயிரோடு வைத்ததோ அந்த ஒட்டுத்தான் இன்று குறையாக எண்ணப்படுகிறது. இதைக் கேட்டபோது எனக்குக் காரின் நினைவு மட்டும் வரவில்லை. இடம்பெயர்ந்து, ஓலைக் கொட்டிலில் படித்து, பேச்சில் புத்தளமும் யாழ்ப்பாணமும் கலந்து திரும்பி வந்த எங்களிடம், "நீங்கள் இந்த ஊர் ஆளா?" என்று கேட்டவர்களின் நினைவும் வந்தது.

பையன் அந்த விலைக்குக் கொடுக்கவில்லை. அதற்காகப் பழைய கார்தான் இளைஞருக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதில் இருக்கைப் பட்டி இல்லை. மோதினால் ஆளைக் காக்கும் எந்த ஏற்பாடும் இல்லை. ஆனால் மரணவீட்டுப் பந்தலில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் படங்களைப் பார்த்துப் பழகிப்போன ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் காரின் பிரேக் உடனே பிடிக்காது. ஆகவே அவன் தூரத்திலேயே சந்தியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கப் பழகிவிட்டான். 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று கியூ.ஆர். முறையில் எரிபொருள் பங்கிட்ட நாட்களில் பள்ளி மாணவனாக வரிசையில் நின்றவன் அவன். எரிபொருளின் அருமையும் தெரியும்.

கராச்காரருக்கு வேலை பழக ஆள் இல்லை. மகன்மார் வெளிநாட்டில். ஆகவே பையனிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அருகில் இருந்து, எந்த ஒட்டு எந்த ஆண்டில், எதற்காக, எதனால் போடப்பட்டது என்று எழுதுகிறான். இதுவரை பதினேழு பக்கம். நாளைக்கு அந்தக் காரை அவன் விற்கலாம். தங்கையின் கல்யாணத்துக்கோ தன் பயணத்துக்கோ காசு தேவைப்படலாம். விற்கட்டும். வாங்குகிறவர் கையில் அந்தக் கொப்பியும் போக வேண்டும் என்பதே எனது விருப்பம். விலையைக் குறைப்பதென்றால் அதைப் படித்துவிட்டுக் குறைக்கட்டும்.