வெறும் வயிறா, அரை வயிறா?

மஞ்சள் வெட்டு நடந்துட்டு இருக்கறதால ரெண்டு வாரமா எதுவும் எழுத முடியல. வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சா, வெட்டின கிழங்கை வேகவெச்சுக் காயப்போட்டு நிமிர்றதுக்குள்ள பொழுது எறங்கிடுது. இன்னிக்குக் காட்டுல ஆளுக இல்ல. அதனால உக்காந்து எழுதறேன்.

எங்க ஊர் வாய்க்கால் மேட்டுல இப்பல்லாம் விடியறதுக்கு முன்னாலயே ஒரு கூட்டம் ஓடிட்டு இருக்கு. போலீஸ் வேலைக்குத் தயாராகற பசங்க. என் தம்பி மகனும் அதுல ஒருத்தன். அவங்களுக்குள்ள தெனமும் ஒரே வழக்குதான். ஓடறதுக்கு முன்னால சாப்பிடணுமா, வெறும் வயித்துல ஓடணுமா? வெறும் வயித்துல ஓடினாத்தான் கொழுப்பு கரையும்னு ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் ரெண்டு முட்டையும் ஒரு சொம்புப் பாலும் உள்ள தள்ளிட்டு வந்து, பாதி தூரத்துல விலாவைப் புடிச்சுட்டு நிக்கறான். "பெரியப்பா, நீங்க வெடியால எதுவும் திங்காமத்தான காட்டுக்குப் போறீங்க, நீங்க சொல்லுங்க"ன்னு என்கிட்ட வந்தாங்க.

எங்க சாளையில மூணு விதமான வயிறு இருக்குதுங்க. ஓடற வயிறு, மஞ்சள் வெட்டற வயிறு, மாத்திரை போடற வயிறு. மூணுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனா மூணுக்கும் பொதுவா ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கை நான் மொதல்ல பார்த்தது மாட்டுக்கிட்ட.

எங்க அப்பாரு காலத்துல ஏர் மாடு இருந்துச்சு. ராத்திரி சோளத்தட்டு வயிறு நெறையப் போடுவாரு. புண்ணாக்கும் தவுடும் கலந்து தண்ணி காட்டுவாரு. வெடியால பூட்டறதுக்கு முன்னால ரெண்டு கை தட்டு, அவ்வளவுதான். வயிறு முட்டப் போட்டுப் பூட்டினா மாடு நாலு சால் போறதுக்குள்ள மூச்சு வாங்கும், படுக்கப் பார்க்கும். ஒண்ணுமே போடாம பூட்டினா எட்டு மணிக்கு மேல கால் பின்னும். ஏர் அவுத்ததும் நெழல்ல கட்டி, மூச்சு அடங்கின பின்னாலதான் தண்ணியும் தீனியும். "ராத்திரி தின்னதுதான் காலையில ஏர் ஓட்டும், காலையில தின்னது நாளைக்கு ஓட்டும்"னு சொல்லுவாரு.

மாட்டு வயிறு வேற, மனுச வயிறு வேறதான். ஆனாலும் இந்தக் கணக்கு நமக்கும் பெரும்பாலும் ஒத்துவருது. நாம திங்கற சோறு, களி, இட்லி எல்லாம் சர்க்கரையா மாறி ரெண்டு குதிர்ல சேருது. ஒரு குதிர் தசை. அதுல சுமார் 400 கிராம் இருக்கும். இன்னொரு குதிர் ஈரல். அதுல சுமார் 100 கிராம். தசையில இருக்கறது அந்தத் தசையோட வேலைக்கு மட்டும்தான், ரத்தத்துக்குத் திருப்பித் தராது. ஈரல்ல இருக்கறதுதான் நாம தூங்கும்போது மூளைக்குப் படி அளக்குது. அதனால காலையில எந்திரிக்கும்போது தசைக் குதிர் கிட்டத்தட்ட நெறைஞ்சே இருக்கும், ஈரல் குதிர் மட்டும் நல்லாக் கொறைஞ்சிருக்கும். கால்ல தெம்பு இருந்தும் தலை கிறுகிறுக்கறது பல நேரம் இதனாலதான்.

இப்ப ஓடற பசங்க விஷயத்துக்கு வர்றேன். போலீஸ் தேர்வுல ஆம்பளப் பசங்க 1500 மீட்டரை 7 நிமிசத்துல ஓடணும். அந்த ஏழு நிமிசத்துக்குத் தசைக் குதிரே போதும். ராத்திரி ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்கினவன் வெடியால தண்ணி மட்டும் குடிச்சுட்டு ஓடினாலும் ஒண்ணும் ஆகாது. வயித்துல பாரம் இருக்கறதுதான் தொந்தரவு. சாப்பிட்ட ஒடனே ரத்தம் வயித்துப் பக்கம் போகணும், ஓடும்போது காலுக்குப் போகணும். ரெண்டு பக்கமும் இழுத்தா வயிறு தோத்துப் போகும். அதான் விலா வலி, கொமட்டல், வாந்தி. அதுலயும் முட்டை, பால், எண்ணெயில போட்டதெல்லாம் வயித்தை விட்டு எறங்க நேரம் எடுக்கும். அதெல்லாம் ஓடி முடிச்ச பின்னால திங்க வேண்டியது.

ஆனா பசங்க ஓட்டத்தோட நிறுத்தறதில்ல. கயிறு ஏறறான், நீளம் தாண்டறான், ஞாயித்துக்கெழமையானா ஒன்றரை மணி நேரம் ஆகிடுது. ஒரு மணி நேரத்துக்கு மேல போற வேலைக்கு வெறும் வயிறு சரிப்படாது. விளையாட்டுக்காரங்களுக்குச் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு மணி நேரம் முன்னால சாப்பிடறதா இருந்தா, ஒடம்பு எடையில கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து. 60 கிலோ பையனுக்கு 60 கிராம். நடுத்தரமான வாழைப்பழம் ஒண்ணுல சுமார் 25 கிராம் இருக்கு. ரெண்டு பழம் தின்னா கிட்டத்தட்ட கணக்கு சரியாப் போச்சு. நம்ம காட்டுல வெளையாத எதையும் டப்பாவுல வாங்கிக் கரைச்சுக் குடிக்க வேண்டியதில்ல.

கொழுப்பு கரையும்கற பேச்சைப் பத்தியும் சொல்லிடறேன். வெறும் வயித்துல ஓடினா அந்த நேரத்துல கொழுப்பு கொஞ்சம் கூட எரியறது உண்மைதான். ஆனா நாள் முழுக்க எவ்வளவு திங்கறோம், எவ்வளவு ஒழைக்கறோம்கற கணக்கு மாறலேன்னா, மாசக் கடைசியில எடையில பெருசா வித்தியாசம் தெரியாது. அப்படி ஓடிட்டு வந்து பசி தாங்காம எட்டு புரோட்டா தின்னா, கரைஞ்சது எங்க போச்சுன்னு கேக்காதீங்க.

தேர்வு அன்னிக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. முன்னால போயிட்டு வந்த பசங்க சொல்றது, வெடியால வரச்சொல்லி உள்ள விட்டுடுவாங்க, பேர் கூப்புடறதுக்குள்ள வெயில் ஏறிடும்னு. அதனால என் தம்பி மகனுக்கு நான் சொன்னது இதுதான். அஞ்சு மணிக்கு மூணு இட்லி, தேங்காச் சட்னி இல்லாம. பையில ரெண்டு வாழைப்பழம், ஒரு பாட்டில் உப்புப் போட்ட மோர். பேர் கூப்புட அரை மணி, முக்கா மணி இருக்குன்னு தெரிஞ்சா ஒரு பழம். முக்கியமா, வாய்க்கால் மேட்டுல தின்னு ஓடிப் பார்க்காத எதையும் அன்னிக்குப் புதுசாத் திங்கக்கூடாது. புது மாட்டைக் கொண்டுபோய் யாராவது ரேக்ளாவுல பூட்டுவாங்களா?

அடுத்தது மஞ்சள் வெட்டற வயிறு. இதைப் பத்தி யாரும் வழக்குப் பேசறதில்ல. ஏன்னா இதுக்கு ஒடற்பயிற்சின்னு பேர் கிடையாது. வேலைக்கு வர்ற அக்காக்கள் நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்கி, புள்ளைகளுக்கும் வூட்டுக்காரருக்கும் போசியில கட்டிவெச்சுட்டு, வண்டி வந்துடும்னு ஒரு டம்ளர் டீயோட கெளம்பி வர்றாங்க. டீயில போட்ட ரெண்டு ஸ்பூன் அஸ்கா பத்து கிராம்கூட வராது. ஆறரைக்குக் குனிஞ்சா பத்து மணிக்குத்தான் சோறு. மூன்றரை மணி நேரம் குனிஞ்சு நிமிர்ந்து மண்ணைப் பொளக்கற வேலை. வாய்க்கால் மேட்டுல ஓடற எந்தப் பையனும் அவ்வளவு நேரம் செய்யறதில்ல.

எங்க அம்மா காலத்துல இருந்தே எங்க காட்டுல ஒரு வழக்கம். வண்டியை விட்டு எறங்கினதும் மொதல்ல கூழ், அப்புறம்தான் கொத்து. ராகியோ கம்போ, மொதநாளே கரைச்சுப் புளிக்க வெச்சுக் காய்ச்சினது. மோரும் உப்பும் கலந்து, சின்ன வெங்காயம் ரெண்டு கடிச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு சொம்பு. ஓடறவனுக்குக் கூழ் ஆகாது, அது மெதுவாத்தான் எறங்கும். வெட்டறவங்களுக்கு மெதுவா எறங்கறதுதான் வேணும். பத்து மணி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா படி அளந்துட்டே இருக்கும். போற வேர்வைக்கு உப்பும் தண்ணியும் அதுலயே வந்துடுது.

"ஏந்தம்பி, வெறும் டீயில வந்தா ஒம்பது மணிக்கெல்லாம் கண்ணு இருட்டிட்டு வரும். கொத்து எங்க விழுதுன்னே தெரியாது"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. கொத்து காலுக்குப் பக்கத்துல விழற வேலைங்க இது. கண்ணு இருட்டினா கூலி மட்டுமா போகும்?

அவங்க தண்ணி குடிக்கறதும் கம்மி. காரணம் தாகம் இல்லாம இல்ல. காட்டுல ஒதுங்க எடம் இல்ல. இதை ஆம்பளைங்க நாம கேக்கறதும் இல்ல, அவங்க சொல்றதும் இல்ல. சாளைக்குப் பின்னால இருக்கற பாத்ரூமை வேலை நடக்கற நாள்ல பூட்டக்கூடாதுன்னு என் வூட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. அப்புறம்தான் தண்ணிக் கொடம் மதியத்துக்குள்ள காலியாக ஆரம்பிச்சுது. பன்னெண்டு பேருக்குக் கூழ் காய்ச்ச ஒன்றரைக் கிலோ மாவு போதும். பண்ணையம் பண்றவங்க இந்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்க, உரத்துக்கு ஆகற செலவுல ஒரு ஓரத்துக்கு வராது.

மூணாவது வயிறு எங்க அப்பாவோடது. எழுவது வயசைத் தாண்டிட்டாரு. பதினஞ்சு வருசமா சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. ஆனா அப்பா நடைன்னு தனியா நடக்கமாட்டாரு. வெடியால மாத்திரையைப் போட்டுட்டு மம்முட்டியை எடுத்துத் தோள்ல வெச்சா, கரும்புக்கு மடை மாத்திட்டு எட்டு மணிக்கு வந்துதான் சாப்பாடு. "காடு சுத்தாம எனக்குச் சோறு எறங்காது"ம்பாரு. அம்பது வருசம் அப்படியே இருந்த ஒடம்பு.

போன ஐப்பசியில ஒரு நாள் எட்டரை ஆகியும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தா வரப்புல உக்காந்திருக்காரு. சட்டை நனைஞ்சு கெடக்கு. மழை இல்ல, வேர்வை. கை நடுங்குது. "மோட்டாரு... மோட்டாரு"ன்னு சொல்றாரு, அதுக்கு மேல வார்த்தை வரல. என் வூட்டுக்காரம்மா சட்டுனு அஸ்காவைக் கரைச்சுக் கொண்டு வந்து குடிக்க வெச்சாங்க. கால் மணி நேரத்துல மொகம் தெளிஞ்சுது. "என்னடா, எல்லாரும் இங்க நிக்கறீங்க?"ன்னு கேட்டாரு பாருங்க, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

டவுன்ல பார்க்கற டாக்டர் வெளக்கமாச் சொன்னாரு. சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. மெட்ஃபார்மின் மட்டும் போடறவங்களுக்கு இப்படி ஆகறது ரொம்ப அபூர்வம். ஆனா கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையும், இன்சுலின் ஊசியும் சோறு உள்ள வந்தாலும் வராட்டியும் தன் வேலையைச் செய்யும். வேலை செய்யற தசையும் ரத்தத்துல இருந்து சர்க்கரையை இழுக்கும். ஈரல் குதிரோ ராத்திரியிலயே கொறைஞ்சு போச்சு. மூணும் சேர்ந்தா ஆள் விழுந்துடுவாரு. ரத்தத்துல சர்க்கரை 70க்குக் கீழ போனாலே ஆபத்து.

அப்பா ஒத்துக்கல. "நான் என்ன சீக்காளியா?"ன்னாரு. எத்தனையோ சொல்லிப் பார்த்தோம். கடைசியில நான் கேட்டேன், "ஏனுங்கப்பா, அப்பாரு வயசான மாட்டுக்கும் எளங்காளைக்கும் ஒரே மாதிரியா தீனி வெச்சாரு?" கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கெழட்டு மாட்டுக்கு வெடியால கூழ் ஊத்திட்டுத்தான் பூட்டுவாரு"ன்னாரு. அடுத்த நாள்ல இருந்து ரெண்டு இட்லி தின்னுட்டுத்தான் மம்முட்டி.

இப்ப எங்க வூட்டு ஏற்பாடு இது. வெடியால வெரல்ல குத்திச் சர்க்கரை பார்க்கறோம். 100க்குக் கீழ இருந்தா மொதல்ல சாப்பாடு, அப்புறம்தான் காடு. மாத்திரையை எந்த நேரத்துல போடறதுன்னு டாக்டரே மாத்திக் குடுத்துட்டாரு. நாமளாக் கூட்டக்கூடாது, கொறைக்கக்கூடாது. அப்பா சட்டைப்பையில எப்பவும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். கை நடுங்கினா, வேர்த்தா, 15 கிராம், அதாவது மூணு நாலு டீஸ்பூன் அஸ்கா அளவு, ஒடனே வாயில போடணும். 15 நிமிசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும். சரியாகலேன்னா இன்னொரு தடவை. சரியான பின்னால சாப்பாடு. நெனவு தப்பிடுச்சுன்னா மட்டும் வாயில எதையும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்ல போயிடும். ஒடனே 108.

ஆக, சாப்பிட்டு ஓடறதா சாப்பிடாம ஓடறதான்னு கேட்டா, யாரு ஓடறது, எவ்வளவு நேரம், ராத்திரி என்ன தின்னாங்க, என்ன மாத்திரை போடறாங்கன்னு நாலு கேள்வி நான் திருப்பிக் கேப்பேன். அரை மணி நேர நடைக்கு, மாத்திரை இல்லாத ஒடம்புக்கு, ஒரு சொம்புத் தண்ணி போதும். ஒரு மணிக்கு மேல போனா ஒண்ணு ரெண்டு பழம். நாள் முழுக்கப் போற வேலைக்குக் கூழோ நீச்சத்தண்ணியோ. முழுச்சாப்பாடு சாப்பிட்டா மூணு மணி நேரமாவது விட்டுத்தான் ஓட்டமும் பாரம் தூக்கறதும்.

உங்க வூட்டுல பெரியவங்க யாராவது வெடியால மாத்திரையைப் போட்டுட்டு ரோட்டுப் பக்கமோ காட்டுப் பக்கமோ நடக்கப் போறாங்களா? இன்னிக்கு ராத்திரியே அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பேரைப் பாருங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போகும்போது, இதைப் போட்டுட்டு வெறும் வயித்துல நடக்கலாமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அது வரைக்கும் ரெண்டு இட்லி குடுத்து அனுப்புங்க.

நாளைக்கு அடுத்த கொப்பரை ஏத்தணும். வெறகு இன்னும் பொளக்கல. நம்ம பக்கத்து மஞ்சள் வெலை நெலவரத்தை அடுத்த பதிவுல எழுதறேன். வர்றேனுங்க.