நான்கு ஜாடிகள்

எகிப்து என்றதும் நம் மனக்கண்முன் பிரமிடுகளே எழுந்து நிற்கும். எங்களைக் கவர்ந்தவையோ, கல்லறைகளில் இறந்தவரின் அருகே வைக்கப்பட்ட நான்கு சிறு ஜாடிகள்.

மறைக்கல்வி வகுப்பில் யாக்கோபின் மரணத்தைப் படித்திருக்கிறோம். யோசேப்பு தம் தந்தையின் உடலுக்கு மருத்துவர்களைக் கொண்டு நறுமணத் தைலமிடச் செய்தார். அதற்கு 40 நாட்கள் ஆயின. எகிப்தியர் 70 நாட்கள் துக்கம் காத்தனர். அத்தனை நாட்கள் எதற்கு?

வயிற்றின் இடப்பக்கத்தைக் கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை வெளியே எடுத்தனர். நேட்ரான் என்னும் உப்பினால் அவற்றை உலர்த்தித் தைலம் பூசி, துணியில் சுற்றி, ஒவ்வொன்றையும் ஒரு ஜாடியில் இட்டு மூடினர். ஹோரஸ் தேவனின் நான்கு புதல்வர் அவற்றிற்குக் காவல். பிற்கால மூடிகளில் மனிதத் தலை ஈரலையும், குரங்குத் தலை நுரையீரலையும், நரித் தலை இரைப்பையையும், வல்லூற்றுத் தலை குடலையும் காத்தன. மூளைக்கு மட்டும் ஜாடி கிடையாது! மூக்கு வழியாகக் கொக்கியால் இழுத்து எறிந்துவிடுவார்களாம். பரீட்சைக்குப் படிக்கும் எங்களுக்கு இது சற்று வருத்தமே. இதயத்தையோ உடலிலேயே விட்டுவைத்தனர். மறுமையில் அதைத் தராசிலிட்டு, மாஆத் தேவியின் இறகுக்கு எதிராக நிறுப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஏழைகளுக்கு ஜாடி ஏது? அவர்கள் பாலைமணலில் புதைக்கப்பட்டனர். சுடுமணலே பல உடல்களை உலர்த்திக் காத்தது.

நவம்பர் மாதத்தில் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம் இவற்றைக் கண்டு நகைக்கலாமா? நகைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

துத்தன்காமனின் தங்கத்தைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நாங்கள் செனெட்னாயைச் சொல்ல விரும்புகிறோம். இவள் இரண்டாம் அமென்ஹோடெப் மன்னனுக்குப் பாலூட்டிய செவிலித்தாய். ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். அரசர்களின் பள்ளத்தாக்கிலேயே இவளுடைய ஜாடிகள் வைக்கப்பட்டிருந்தன. ஹோவர்ட் கார்ட்டர் 1900-ஆம் ஆண்டு அவற்றைக் கண்டெடுத்தார். ஜெர்மனியின் ஹனோவர் அருங்காட்சியகத்திலுள்ள இரண்டு ஜாடிகளில் ஈரலும் இல்லை, நுரையீரலும் இல்லை. ஒட்டியிருந்தது தைலப் படிவு மட்டுமே. அதைச் சுரண்டி ஆராய்ந்தவர்கள் தேன்மெழுகு, எண்ணெய், கொழுப்பு, நிலக்கீல், தூரதேசத்து மரங்களின் பிசின் ஆகியவை அதில் இருந்ததாக 2023-இல் அறிவித்தனர். பின்னர் அந்த நறுமணத்தை மீண்டும் கலந்து உருவாக்கினர். முகம் தெரியாத அந்தச் செவிலித்தாய்க்காகப் பூசிய தைலத்தின் வாசனையை டென்மார்க்கின் அருங்காட்சியகம் ஒன்றுக்கு வந்தவர்கள் முகர்ந்து பார்த்தார்கள்.