ஆறு வாரம் இருக்கிறது, தம்பி

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு வந்தாய். வாசற்படி ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள், இன்னும் 6 வாரம். "அதுவரைக்கும் ஆசை தீர சாப்பிட்டுக்கறேன் பெரியம்மா" என்றாய். உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் இதையே நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வை. இதைச் சோம்பேறியின் குறுக்கு வழி என்று சொல்பவர்கள் வருவார்கள், நம் சொந்தத்திலேயே வருவார்கள். அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதே. உன் பாட்டி கோல லங்காட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், 400, 500 மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்புவார். தட்டு நிறைய சோறு சாப்பிட்டார், அத்தனையும் நடையில் கரைந்தது. தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள், நாம் லயத்து வீட்டை விட்டு டவுனுக்கு வந்தோம். சோற்றின் அளவு மட்டும் கூடவே வந்தது. நீ பிரிக்பீல்ட்ஸில் 17ஆவது மாடியில் இருக்கிறாய். லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, இன்னொரு லிஃப்டில் ஏறி, பத்து மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்து திரும்புகிறாய். 2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். இத்தனை பேரும் ஒரே சமயத்தில் சோம்பேறி ஆகிவிட்டார்களா? இடம் மாறியது, வேலை மாறியது, உடம்பு பழையபடியே சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது.

நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்ளேதான் சேர்கிறது. குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்துவிடுகின்றன. இந்த அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் சங்கங்கள் 2022இல் விதியைத் திருத்தியபோது, ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 27.5 ஆனாலே இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். அதற்கு முன் 1991இல் எழுதிய கணக்கு 40, நோய் இருந்தால் 35. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேரைக் காலை எடுக்கும்வரை காக்க வைத்தோமோ என்று நான் வருத்தப்படுவதுண்டு. உன் பெரியப்பாவின் வலது காலை நினைத்துக்கொள்.

இனி இந்த 6 வாரம். இதைக் காத்திருக்கும் காலம் என்று எண்ணாதே. அறுவைக்குப் பிறகு எப்படி வாழப்போகிறாயோ அதை இப்போதே வாழ்ந்து பழகு. பழகாத வாழ்க்கையை, வலியோடும் தையலோடும் படுத்துக்கொண்டு ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியாது. நான் முயன்றேன், முடியவில்லை.

கடைசி இரண்டு வாரம் ஒரு உணவு முறை தருவார்கள். மாவும் சர்க்கரையும் அநேகமாக இருக்காது, புரதம் இருக்கும், பசிக்கும். எடையைக் காட்டுவதற்கு என்று நினைத்து நான் முதல் வாரம் ஏமாற்றினேன். பிறகுதான் ஒரு தாதி படம் போட்டு விளக்கினார். இரைப்பைக்கு மேலே கல்லீரலின் இடது பக்கம் குடைபோல மூடியிருக்கிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் கனமாகவும் எளிதில் கிழியக்கூடியதாகவும் இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் மருத்துவருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். இரண்டு வாரக் கட்டுப்பாட்டில் அது சுருங்கிவிடும். ஆசை தீரச் சாப்பிட்டால் அவர் கைக்குத்தான் இடம் குறையும், தம்பி. இதைக் கேட்ட பிறகு நான் ஏமாற்றவில்லை.

சிகரெட்டை இன்றே நிறுத்து. உன் அம்மாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறாய், தெரியும். புகை பிடிப்பவர்களுக்குத் தையல் எளிதில் ஆறாது, நுரையீரலில் சளி கட்டும். குறட்டை விடுகிறாய், நடுவில் மூச்சு நின்று திணறுகிறாய் என்று உன் மனைவி சொன்னாள். அதை மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்காமல் சொல், தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னால் செய்துகொள். மூன்று பந்து உள்ள ஊதுகுழல் போன்ற ஒரு கருவி தருவார்கள். அதில் ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே ஏற்ற வேண்டும். வீட்டிலேயே பழகிக்கொண்டு போ.

நடக்கத் தொடங்கு. மலை ஏறச் சொல்லவில்லை. சாப்பிட்டதும் 10 நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. மழை என்றால் கே.எல். சென்ட்ரலிலிருந்து நு சென்ட்ரல் கடைத்தொகுதி வழியாக மோனோரயில் நிலையம்வரை போய்வா, கூரைக்குக் கீழேயே போகலாம். புகைமூட்ட நாளிலும் அதுதான் வழி. வெயில் தாழ்ந்தால் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில்வரை போய்க் கும்பிட்டுவிட்டு வா. மூட்டு வலித்தால் நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்கார், பத்துத் தடவை. தொடையில் பலம் ஏறினால் அறுவைக்குப் பிறகு கட்டிலிலிருந்து இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

அறுவை அன்று மாலையே உன்னை நடக்க வைப்பார்கள். எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம், அது உயிரையே எடுத்துவிடலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறார்கள். கையில் சொட்டு மருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை போய் வந்தேன். வயிற்றில் ஐந்து சிறு துளை, தோளில் காற்று ஏறிய வலி. வயிற்றை உப்ப வைக்க அவர்கள் செலுத்திய வாயுவால் வருவது அது, நடக்க நடக்கக் குறையும்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும். அப்புறம் கூழ், அப்புறம் மென்மையானது. குழந்தைக்குச் சோறு ஊட்டும் வரிசைதான். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் விட வேண்டும். மீதி நேரமெல்லாம் மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இரு, இந்த ஊர் வெயிலில் நாக்கு வறண்டால் மறுபடி வார்டுக்குத்தான் போவாய். 5 கிலோ அரிசிப் பையைக்கூட முதல் மாதம் தூக்காதே.

இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். பசியைக் கிளப்பும் சுரப்பில் பெரும்பகுதி அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. அதனால் முதல் வருடம் பசியே தெரியாது, எடை தானாக இறங்கும். அந்த வருடத்தை நம்பி ஏமாறாதே. பசி மெல்லத் திரும்பும். வெட்டிய வயிறு சோற்றைத் தடுக்கும், ஆனால் டின் பால் ஊற்றிய தே தாரேக்கைத் தடுக்காது. அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஐஸ்கிரீமும் அப்படித்தான். என்னோடு அறுவை செய்துகொண்ட ஒரு தோழிக்கு நான்காம் வருடம் பாதி எடை திரும்பிவிட்டது. ஒரு நாளும் இரண்டு கை சோற்றுக்கு மேல் சாப்பிடாதவள். மாமாக் கடையில் நாளுக்கு நான்கு கிளாஸ் தேநீர் குடித்தாள். அவளை யாரும் குறை சொல்ல வேண்டாம், அதைப் பற்றி அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நீ இன்றிலிருந்து பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ கோசோங் கேட்டுப் பழகு. பத்து நாளில் நாக்கு பழகிவிடும்.

புரதத்தை முதலில் சாப்பிடு. நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் கணக்கு புரியும். மீன், கோழி, பருப்பு, தெம்பே, தயிர். இது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். மெலிந்தும் மாடிப்படி ஏற முடியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதம் முடி கொத்தாக உதிரலாம், பயப்படாதே, திரும்ப முளைக்கும்.

இப்போது நான் செய்த தவறு. இரண்டாம் வருடம் 34 கிலோ இறங்கியிருந்தேன், சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, நன்றாக இருந்தேன். நன்றாக இருப்பவளுக்கு மாத்திரை எதற்கு என்று வைட்டமின்களை நிறுத்தினேன். ஏழெட்டு மாதம் கழித்துப் பாதம் மரத்தது, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை. பழைய சர்க்கரை என்று நினைத்தேன். பி12 அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அந்த வைட்டமினை உணவிலிருந்து பிரித்தெடுக்க இரைப்பை வேண்டும், என்னிடம் இருந்தது கால் பங்குகூட இல்லை. ஊசி போட்டுச் சரியானது, ஆனால் இடது கால் சுண்டுவிரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 எல்லாம் ஆயுள் முழுவதும். வருடா வருடம் இரத்தப் பரிசோதனையும் அப்படியே. தேதியை இப்போதே கைப்பேசியில் போட்டு வை.

உடற்பயிற்சி என்றால், அறுவை முடிந்து ஆறாவது வாரம் மருத்துவர் சம்மதித்ததும் ரப்பர் பட்டை இழுக்கத் தொடங்கினேன். மூன்றாம் மாதம் தாமான் ராக்யாட் பூங்காவில் ஒரு முழுச் சுற்று. வாரம் 150 நிமிடம் என்பார்கள், எடை திரும்பாமல் இருக்க அதற்கும் மேல் வேண்டும். பத்துமலை ஏறினாயா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ஏறினேன், பதினான்காம் மாதம், 272 படியும், நடுவில் நான்கு முறை உட்கார்ந்து. ஆனால் எனக்கு மகிழ்ச்சி தந்தது அது இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு காலை, கட்டிலில் உட்கார்ந்து என் கால் நகத்தை நானே வெட்டிக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக உன் அம்மாதான் வெட்டிவிட்டாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது இருவருமே அழுதோம்.

உனக்கும் அப்படி ஒன்று இருக்கும். கண்டுபிடித்துத் தாளில் எழுதி வை. எடை எண்ணை எழுதாதே, அது பல மாதம் அசையாமல் நிற்கும். மகளைத் தூக்கிக்கொண்டு தைப்பூசக் கூட்டத்தில் நடப்பதா, கோயில் அன்னதானத்தில் தரையில் உட்கார்ந்து எழுவதா, உனக்குத்தான் தெரியும்.

கல்யாண வீட்டில் "முகம் வத்திப்போச்சு, சீக்கா?" என்று கேட்பார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள். "நல்லா இருக்கேன் அத்தை" என்று சொல்லிவிட்டு இலையில் மீனை மட்டும் முதலில் எடு. உன் மனைவியிடமும் பேசிவிட்டேன், இனி வீட்டில் இரண்டு சமையல் கிடையாது, எல்லாருக்கும் ஒன்றுதான். குழந்தைக்கும் அது நல்லது.

சனிக்கிழமை காலை கோமுட்டரில் வருகிறேன், ஏழரைக்கு கே.எல். சென்ட்ரலில் இறங்குவேன். லிஃப்டில் கீழே வந்து நில், காரை எடுக்காதே. கோயில்வரை போய்வரலாம், நீ நிற்கும் இடத்தில் நானும் நிற்கிறேன். பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து வை, மருத்துவரிடம் கேட்க வேண்டியதை உட்கார்ந்து எழுதிவிடலாம்.